ஹியூமனைஸ் பொத்தானைத் தட்டுவதற்கு முன்

கணினியில் பியானோ எழுதும் தம்பி தங்கைகளுக்கு,

குறும்படம், வெப் சீரிஸ், யூடியூபில் தனியாக விடும் பாட்டு, கல்யாண வீடியோவுக்கு ஒரு பின்னணி என்று நீங்கள் எதைச் செய்தாலும் அது கடைசியில் என்னைப் போன்ற மிக்ஸிங் ஆட்களின் மேசைக்குத்தான் வருகிறது. உங்கள் பியானோ டிராக்குகளை உங்கள் வீட்டாரைவிட அதிகமாகக் கேட்டவன் என்ற உரிமையில் இந்த மடலை எழுதுகிறேன். மெட்டு பற்றியோ கார்டுகளைப் பற்றியோ எனக்குப் புகார் இல்லை. பல சமயம் பொறாமைகூட உண்டு. ஆனால் அந்தப் பியானோவை யாரும் வாசிக்கவில்லை என்பது முதல் நான்கு பாரிலேயே தெரிந்துபோகிறது.

அது இரண்டு வகையில் தெரியும். முதல் வகையில், பியானோ ரோலைத் திறந்தால் எல்லாச் சுவரமும் கிரிட் கோட்டில் ஒட்டிக்கொண்டிருக்கும். எல்லாவற்றின் வெலாசிட்டியும் 100. மவுஸில் வரைந்த கையோடு அனுப்பிவிட்டார்கள். இதில் எனக்குக் கோபமில்லை. வேலை பாதியில் நிற்கிறது, அவ்வளவுதான். தொந்தரவு இரண்டாவது வகையில். கிரிட்டில் வரைந்து, எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து, ஹியூமனைஸ் பொத்தானில் ஒரு தட்டு. ஒவ்வொரு சுவரமும் பத்துப் பதினைந்து மில்லிசெகண்ட் முன்னேயோ பின்னேயோ சிதறும். வெலாசிட்டி இங்கே ஐந்து கூடும், அங்கே ஏழு குறையும். இப்போது அதில் இயந்திரத்தின் நேர்த்தியும் போயிற்று, மனிதரும் வரவில்லை. கை நடுங்கும் இயந்திரம் ஒன்று உட்கார்ந்து வாசிக்கிறது.

அந்தப் பொத்தான் ஏன் ஏமாற்றுகிறது என்பதற்கு ஆராய்ச்சியே உண்டு. ஜெர்மனியின் கோட்டிங்கனில் ஹோல்கர் ஹென்னிக்கும் அவருடன் வேலை செய்தவர்களும் 2011-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். தாளத்தில் கைதேர்ந்தவர்களும் மெட்ரோனோமிலிருந்து சில மில்லிசெகண்டுகள் விலகுவார்கள் என்பது பழைய செய்தி. இவர்கள் கண்டது, அந்த விலகல்களுக்கு ஒரு நினைவு உண்டு என்பதை. இந்த அடியில் சற்று முந்தியவர் அடுத்த சில அடிகளிலும் முந்தியே போவார். அந்தச் சாய்வு நெடுநேரம் நீண்டு மெல்லத் திரும்பும். பொத்தான் உருட்டும் பகடைக்குப் போன முறை என்ன விழுந்தது என்று தெரியாது. ஒரே இசையை இரண்டு விதமாகவும் போட்டுக் காட்டியபோது, கேட்டவர்கள் நினைவுள்ள விலகலைத்தான் விரும்பினார்கள்.

நான் அதற்கு மேலும் ஒரு படி போவேன். பியானோவில் ஒரு சுவரம் கோட்டைவிட்டு விலகினால் அதற்கு ஒரு காரணம் இருக்கும். விரலின் பலம், சுத்தியல் போகவேண்டிய தூரம், கை தாவிய தாவல், மெட்டு மூச்சு வாங்கிய இடம் என்று ஏதோ ஒன்று. அந்தக் காரணத்தை எழுதினால் விலகல் தன்னால் வந்து நிற்கும். காரணம் இல்லாமல் விலகலை மட்டும் தூவினால் காது உடனே கண்டுபிடித்துவிடும், அது பயிற்சி இல்லாத காதாக இருந்தாலும்.

ஆகவே கருவியிலிருந்து தொடங்குவோம். ஃபுளோரன்ஸில் மெடிசி குடும்பத்தின் இசைக்கருவிகளைப் பார்த்துக்கொண்ட பார்த்தொலொமியோ கிறிஸ்தொஃபோரி 1700 வாக்கில் முதல் பியானோவைச் செய்தார். அன்றிலிருந்து ஒரு விஷயம் மாறவில்லை. நாம் கட்டையை அழுத்தினால், சுத்தியல் கம்பியைத் தொடுவதற்குச் சற்று முன்பே கட்டையிலிருந்து விடுபட்டு, தானாகப் பறந்துபோய் அடிக்கிறது. விடுபட்ட பிறகு விரல் என்ன செய்தாலும் பயனில்லை. சுமார் பத்து மில்லிமீட்டர் இறங்கும் அந்தக் கட்டையில் விரல் சுத்தியலுக்குச் சொல்ல முடிவது வேகத்தை மட்டுமே. 1983-இல் மிடி வந்தபோது அந்த வேகத்துக்குத்தான் 1 முதல் 127 வரை எண் கொடுத்தார்கள்.

உங்களில் பலர் அந்த எண்ணை வால்யூமாக நினைத்துக்கொள்கிறீர்கள். வேகம் கூடும்போது சத்தத்தோடு நிறமும் மாறுகிறது. மெதுவாக வரும் சுத்தியலின் கம்பளி முனை மெத்தென்று படும். மேல் அதிர்வுகள் அதிகம் எழாது. வேகமாக வந்தால் அதே கம்பளி அமுங்கி இறுகி, ஒலி பளிச்சென்று ஆகும். நல்ல சாம்பிள் தொகுப்பில் ஒரே கட்டையைப் பல வேகங்களில் அடித்துத் தனித்தனியாகப் பதிவு செய்திருப்பதும் இதற்காகத்தான். நீங்களோ எல்லாச் சுவரத்தையும் 95-இல் வைத்துவிட்டு ஃபேடரை இறக்குகிறீர்கள். அப்போது கிடைப்பது தூரத்து அறையில் யாரோ ஓங்கி அடிப்பது. தாலாட்டு மெட்டு என்றால் வெலாசிட்டி 30-க்கும் 70-க்கும் நடுவில் வாழட்டும். சத்தம் போதவில்லையென்றால் அப்புறம் ஃபேடரை ஏற்றிக்கொள்ளலாம். அது என் வேலை.

இந்த மடலில் ஒரே ஒரு பத்திதான் படிப்பேன் என்பவர்கள் அடுத்ததைப் படியுங்கள்.

நான்கு சுவரமுள்ள ஒரு கார்டு. மேல் சுவரம் மெட்டு. நல்ல கலைஞர் வாசித்தால் நான்கும் ஒன்றாக விழுவதாகத்தான் கேட்கும். வியன்னாவில் வெர்னர் கோப்ல் என்ற ஆய்வாளர், 22 பியானோ கலைஞர்களை ஷோபனின் எட்யூட் ஒன்றிலிருந்தும் பல்லாட் ஒன்றிலிருந்தும் வாசிக்கவைத்தார். சுத்தியல்களின் அசைவைக் கணினியில் பதிவுசெய்யும் போசன்டார்ஃபர் பியானோ அது. 2001-இல் வெளியான முடிவின்படி மெட்டுச் சுவரம் மற்றவற்றைவிட 30 மில்லிசெகண்ட் அளவுக்கு முந்தி ஒலித்தது. கலைஞர்கள் மெட்டு எடுபடவேண்டும் என்று வேண்டுமென்றே முந்துகிறார்களோ என்று அதுவரை ஒரு வாதம் இருந்தது. கோப்ல் பின்னோக்கிக் கணக்கிட்டு, விரல்கள் கட்டைகளைத் தொட்ட நேரத்தைப் பார்த்தார். அது ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது. மெட்டு விரல் பலமாக அழுத்துகிறது. அதன் சுத்தியல் சீக்கிரம் போய்ச் சேருகிறது. மெதுவாக அழுத்திய உள்விரல்களின் சுத்தியல்கள் பிந்தி வருகின்றன. பலமாக அடித்த கட்டையில் சில பத்து மில்லிசெகண்டுகளில் முடியும் பயணம், மிக மெதுவாகத் தொட்ட கட்டையில் நூறையும் தாண்டும்.

இதன் பொருளை நன்றாக யோசித்துப் பாருங்கள். வெலாசிட்டியும் நேரமும் இரண்டு தனித்தனிச் சங்கதிகள் இல்லை, ஒரே அசைவின் இரண்டு முகங்கள். ஹியூமனைஸ் பொத்தான் அவற்றைப் பிரித்துத் தனித்தனியாகக் குலுக்குகிறது. பலமான சுவரம் பிந்தும், மெல்லிய சுவரம் முந்தும். எந்தப் பியானோவிலும் நடக்காத ஒன்று அப்படி நடந்துவிடுகிறது. கேட்பவருக்கு ஏன் என்று சொல்லத் தெரியாது. ஏதோ உறுத்துகிறது என்பார்.

செய்முறை எளிது. மெட்டுச் சுவரத்தைக் கோட்டில் விட்டு 78 கொடுங்கள். உள்சுவரங்கள் இரண்டுக்கும் 50, 45. அடிச் சுவரத்துக்கு 58. மெட்டைத் தவிர மற்றவற்றை 15 முதல் 30 மில்லிசெகண்ட் பின்னால் தள்ளுங்கள், எது மெல்லியதோ அது இன்னும் கொஞ்சம் பின்னால். ஒரு பீட் 480 டிக் என்று வைத்திருந்தால், டெம்போ 120-இல் ஒரு டிக் ஏறக்குறைய ஒரு மில்லிசெகண்ட், 60-இல் இரண்டு. எல்லா விரலும் ஓங்கி அடிக்கும் முழக்கக் கார்டு என்றால் தள்ளவே வேண்டாம், அங்கே எல்லாச் சுத்தியலும் ஒரே வேகம்தான். மெல்லிய இடத்தில் தளர்வு, முழங்கும் இடத்தில் இறுக்கம். எண்களை என்னிடமிருந்து அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். ஒவ்வொரு சாம்பிள் தொகுப்பும் வெலாசிட்டிக்குத் தரும் பதில் வேறு. விகிதத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது கை. பியானோவில் ஒரு ஸ்தாயியின் அகலம் சுமார் பதினாறரை செண்டிமீட்டர். பெரும்பாலான கைகள் அதை எட்டும், பெரிய கைகள் அதற்கு மேல் இரண்டு கட்டை எட்டும். உங்கள் கோப்புகளில் இடது கை கீழ் சட்ஜமத்தைப் பிடித்துக்கொண்டே இரண்டு ஸ்தாயிக்கு மேலே ஒரு கார்டையும் பிடித்திருக்கும், அதற்குள் வலது கை ஒரு மெட்டும் அதற்கு மேலே ஒரு மணி ஓசையும் வாசிக்கும். மூன்றாவது கை யாருடையது? நிஜத்தில் இடது கை அடிச் சுவரத்தை விட்டுவிட்டுத்தான் மேலே தாவும். அது தொடர்ந்து ஒலிப்பது பெடலின் தயவில். தாவி இறங்கும் கார்டு ஒரு நூலிழை பிந்தும், சற்று இலேசாகவும் விழும். கட்டைவிரல் விழும் சுவரம் கொஞ்சம் கனக்கும். மோதிர விரல் சுவரம் மெலியும். ஒரே சுவரத்தை மளமளவென்று திரும்பத் திரும்ப அடிக்கும் வேகத்துக்கும் எல்லை உண்டு. கட்டை முழுதாக எழும்புவதற்குள் மறுபடி அடிக்க வழிசெய்யும், செபாஸ்டியன் எரார்ட் உருவாக்கிய பொறிக்கு 1821-இல் காப்புரிமை கிடைத்தது. அது கிராண்ட் பியானோவுக்கானது; வீடுகளில் சுவரோரம் நிற்கும் அப்ரைட்டில் பொதுவாக அது கிடையாது. உங்கள் காட்சியில் ஒரு பழைய வீடும் அப்ரைட் பியானோவும் இருந்தால் இதையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

எழுதிய பகுதியை மேசைமேல் இரண்டு கையாலும் வாசித்துப் பாருங்கள். வாசிக்கத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, எந்த விரல் எங்கே போகவேண்டும் என்று மட்டும் தடவிப் பாருங்கள். எங்கே கை சிக்குகிறதோ அங்கேதான் இசையும் மூச்சு வாங்கவேண்டும்.

பெடலைப் பற்றி நிறையச் சொல்லலாம். மிக அதிகமாகக் காணும் ஒன்றைச் சொல்கிறேன். சஸ்டெய்ன் பெடலைப் பாரின் தொடக்கக் கோட்டில் எடுத்து அதே கோட்டில் மறுபடி அழுத்தியிருப்பீர்கள், கார்டு மாறும் அதே புள்ளியில். கலைஞரின் கால் அப்படிப் போவதில்லை. புதுக் கார்டு விழும்போதுதான் பாதம் எழும்புகிறது. பழைய ஒலி அடங்கியதும், புதுக் கார்டை விரல்கள் இன்னும் பிடித்திருக்கும்போதே, மறுபடி இறங்குகிறது. கால் எப்போதும் கைக்குப் பின்னால்தான். இந்தத் தாமதத்தை எழுதினால் கார்டுகள் ஒன்றோடொன்று ஒட்டி ஓடும், கலங்காது. பெடலுக்கான 64-ஆம் கன்ட்ரோலரும் 0, 127 என்ற இரண்டே நிலைகளுக்கானதில்லை. பாதிப் பெடலைப் புரிந்துகொள்ளும் தொகுப்பாக இருந்தால் நடுவில் உள்ள எண்களையும் பயன்படுத்துங்கள். மேல் ஸ்தாயியின் கடைசிக் கட்டைகளுக்கு ஒலியை அடக்கும் டேம்பரே கிடையாது, பெடல் இல்லாமலேயே அவை ஒலித்துக்கொண்டிருக்கும். சில தொகுப்புகள் இதை மறந்துவிடுகின்றன.

நம் ஊருக்கென்று ஒரு பழக்கம் இருக்கிறது. பியானோ ஒலியை வைத்துக்கொண்டு பிட்ச் வீலை அசைத்துக் கமகம் கொடுப்பது. பியானோக் கம்பி அடித்த பிறகு வளையாது. கேட்பவர் மனத்தில் அந்த நொடியே பியானோ மறைந்து, கீபோர்டு வந்து உட்கார்ந்துவிடுகிறது. கீபோர்டாகவே கேட்கவேண்டும் என்றால் சரி. பியானோதான் வேண்டும் என்றால் அடுத்த கட்டையிலிருந்து நொடியில் வழுக்கி இறங்கும் ஒட்டுச் சுவரமாகக் கமகத்தைக் காட்டுங்கள், அதையும் மெட்டின் உச்சங்களில் மட்டும். ஒவ்வொரு காந்தாரத்துக்கும் போட்டால் கொலுசு சத்தம்தான்.

இனி காலம். சுவரங்களைக் கிரிட் கோட்டுக்கு இழுத்துவிடும் குவாண்டைஸ் என்ற வசதியைப் பரவலாக்கியது டிரம் இயந்திரம். 1980-இல் வந்த ரோஜர் லின்னின் எல்எம்-1 அதில் முக்கியமானது. டிரம்முக்குச் சரியான சட்டையை நாம் பியானோவுக்கும் மாட்டிவிட்டோம். கர்நாடக இசை கேட்டு வளர்ந்தவர்களுக்குக் காலப்பிரமாணம் என்பது உடம்பில் ஊறியது. அதன் உறுதியும் தெரியும், அந்த உறுதிக்குள்ளேயே பாடகர் சாகித்யத்தைச் சற்று இழுத்தும் முடுக்கியும் பாடுவதும் தெரியும். ஷோபன் தன் மாணவர்களிடம் கேட்டதாகச் சொல்லப்படுவதும் கிட்டத்தட்ட இதுதான்: இடது கை தாளத்தைப் பிடிக்கவேண்டும், வலது கை அதன்மேல் சுதந்திரமாகப் பேசலாம். பாட்டு கிளிக்கில் ஓடுகிறது, தபலாவும் பேஸும் ஏற்கெனவே பதிவாகிவிட்டன, டெம்போவைத் தொட முடியாது என்ற நிலையில் உங்களுக்குக் கைகொடுப்பது இந்த வழிதான். இடது கையை அசைக்காதீர்கள். வலது கையின் மெட்டு, வரியின் தொடக்கத்தில் சற்றுப் பிந்திக் கிளம்பி, உச்சத்தை நோக்கிப் போகும்போது முந்தி, வரி முடிவில் மறுபடி தளரட்டும். வெலாசிட்டியும் அதே வளைவில் ஏறி இறங்கட்டும்.

தனிப் பியானோ என்றால் கதை வேறு. அங்கே கிரிட்டைத் தூக்கிப் போட்டுவிட்டு டெம்போ டிராக்கையே வளையுங்கள். இன்னும் நல்லது, கிளிக் இல்லாமல் ஒரு விரலால் மெட்டை மட்டும் வாசித்துப் பதிவு செய்து, அதிலிருந்து டெம்போ வரைபடத்தை எடுத்து, மற்றவற்றை அதன்மேல் எழுதுங்கள். ஒரு விரல் போதும். மெட்டின் மூச்சு அதிலேயே வந்துவிடும். வாயால் பாடிக்கொண்டே தட்டினால் இன்னும் நன்றாக வரும்.

முடிவில் டெம்போ குறையும் இடத்தை மட்டும் நேர்க்கோடாக வரையாதீர்கள். ஸ்டாக்ஹோமில் ஆண்டர்ஸ் ஃப்ரீபெர்க்கும் யோஹான் சுண்ட்பெர்க்கும் 1999-இல் ஒரு விசித்திரமான ஒற்றுமையை எழுதினார்கள். இசை முடியும்போது கலைஞர்கள் வேகத்தைக் குறைக்கும் வளைவும், ஓடுகிறவர்கள் நிற்கப்போகும்போது வேகத்தைக் குறைக்கும் வளைவும் ஒத்துப்போகின்றன. முதலில் இலேசாகக் குறைந்து, கடைசி அடிகளில் சட்டென்று இறங்கும். டெம்போ டிராக்கில் இந்த வளைவை ஒருமுறை போட்டுப் பாருங்கள். நேர்க்கோட்டுக்குத் திரும்ப மாட்டீர்கள்.

இயந்திரத்தை மனிதர்போல் வாசிக்கவைக்கும் இந்த ஆசையெல்லாம் கணினி வந்த பிறகு பிறந்தது என்று எண்ணவேண்டாம். ஜெர்மனியின் ஃப்ரைபுர்க் நகரத்து வெல்ட்டே நிறுவனம், கலைஞரின் வாசிப்பைக் காகிதச் சுருளில் துளைகளாகப் பிடித்துத் திரும்ப வாசிக்கவைக்கும் வெல்ட்டே மிக்னோன் கருவியை 1904-இல் கொண்டுவந்தது. இசையமைப்பாளர்கள் மாலரும் தெபூசியும் அதற்கு வாசித்திருக்கிறார்கள். பிற்காலத்தில், 2006-இல், பியானோ கலைஞர் க்ளென் கூல்ட் 1955-இல் பதிவுசெய்த கோல்ட்பெர்க் வேரியேஷன்ஸை ஜென்ஃப் என்ற அமெரிக்க நிறுவனம் ஒவ்வொரு சுவரமாக அளந்து மிடியாக்கி, வாசிப்பை மிடியாகப் பதிவுசெய்யவும் தானாக வாசிக்கவும் தெரிந்த டிஸ்க்ளாவியர் பியானோவில் ஆள் இல்லாமல் வாசிக்கவைத்துப் பதிவு செய்தது. கூல்ட் இறந்தது 1982-இல்.

நான் பாடப் புத்தகமாகப் பரிந்துரைப்பது வேறு ஒன்றை. கூகுளின் மஜெந்தா குழு 2018-இல் மேஸ்ட்ரோ என்ற தொகுப்பை வெளியிட்டது. சர்வதேசப் பியானோ போட்டி ஒன்றில் கலைஞர்கள் டிஸ்க்ளாவியரில் வாசித்த சுமார் 200 மணி நேர இசை, ஆடியோவாகவும் மிடியாகவும். படித்துப் பார்க்க இலவசம். வியாபாரத்துக்குப் பயன்படுத்த அனுமதி இல்லை. அதில் மெதுவான ஒரு துண்டை உங்கள் மென்பொருளில் திறந்து பியானோ ரோலில் பாருங்கள். மெட்டுக்கும் உள்சுவரங்களுக்கும் வெலாசிட்டியில் எவ்வளவு பள்ளம், பெடல் கோடு கைக்குப் பின்னால் எப்படி ஓடுகிறது, ஒரு சுவரம் அடுத்ததன்மேல் எவ்வளவு ஏறி நிற்கிறது என்பதெல்லாம் கண்ணுக்கே தெரியும். ஒரு மாலை முழுக்க அதைப் பார்ப்பது, புதுப் பிளக்-இன் வாங்குவதைவிட லாபம். அப்புறம் முடிந்தால் ஒரு நிஜப் பியானோவைத் தொட்டுவிட்டு வாருங்கள். கடையில் விலை கேட்கிற சாக்கில் ஒரு கட்டையை மிக மெல்ல அழுத்திப் பாருங்கள். ஒலியே வராமல் இறங்கும். வெலாசிட்டி 1 என்றால் என்ன என்று விரலுக்குப் புரியும்.

இவ்வளவும் சொன்ன பிறகு எதிர்ப்பக்கமும் ஒன்று உண்டு. எல்லாப் பியானோவும் மனிதர் வாசித்ததுபோல் ஒலிக்கவேண்டும் என்று சட்டமில்லை. நடனப் பாட்டில் கிக் டிரம்மோடு இறுகப் பூட்டிய பியானோக் கார்டு கிரிட்டில்தான் நிற்கவேண்டும். அதை நான் மேலே சொன்னபடி தளர்த்தினால் ஆட்டமே கெட்டுவிடும். மெக்சிகோ நகரத்தில் வாழ்ந்த கான்லன் நான்காரோ, எந்தக் கையாலும் வாசிக்க முடியாத இசையைத்தான் எழுதவேண்டும் என்று தானியங்கிப் பியானோவின் சுருள்களில் ஆண்டுக்கணக்கில் கையால் துளையிட்டார். அதுவும் ஒரு கலைதான். எனக்குச் சங்கடம், கதாநாயகி ஜன்னலோரம் அழும்போது பின்னால் கிரிட் ஒலிப்பது.

கடைசியாக, என் வேலைக்கு உதவும் சில வேண்டுகோள்கள். பியானோவை ஆடியோவாக மட்டும் அனுப்பாமல் மிடியையும் சேர்த்து அனுப்புங்கள். ஆடியோவில் ரிவெர்பையும் கம்ப்ரஸரையும் எடுத்துவிடுங்கள். மணிக்கணக்கில் உட்கார்ந்து நீங்கள் செதுக்கிய வெலாசிட்டிப் பள்ளங்களைக் கம்ப்ரஸர் மேடாக்கிவிடுகிறது. எந்தத் தொகுப்பு, அதில் வெலாசிட்டி வளைவை மாற்றியிருக்கிறீர்களா என்பதை ஒரு வரியில் எழுதுங்கள். இடது கையையும் வலது கையையும் தனித்தனி டிராக்கில் வையுங்கள். டெம்போவை வளைத்திருந்தால் டெம்போ வரைபடத்தையும் மறக்காமல் இணையுங்கள், இல்லையென்றால் என் பக்கம் திறக்கும்போது எல்லாம் மறுபடி நேராகிவிடும். ஹியூமனைஸ் போட்டுத்தான் ஆகவேண்டும் என்றால், போடுவதற்கு முந்தைய கோப்பையும் கூடவே அனுப்பிவையுங்கள்.

அன்புடன்,
உங்கள் பாட்டுகளை மிக்ஸ் செய்யும் ஒருவன்